மோசே அமர்ந்த கல்

தியானப் பகுதி: யாத்திராகமம் 17:8–13



ரெவிதீமில் நடந்த யுத்தத்தை நாம் ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்தே அறிவோம். கீழே யோசுவா அமலேக்கியரோடு போர் செய்கிறார். மேட்டின் உச்சியில் மோசே தேவனுடைய கோலைப் பிடித்தபடி கைகளை உயர்த்தி நிற்கிறார். கைகள் உயர்ந்திருக்கும்போது இஸ்ரவேலர் வெல்லுகிறார்கள். தாழும்போது பகைவர் வெல்லுகிறார்கள். ஜெபத்தின் வல்லமையைக் குறித்துப் பேசும்போதெல்லாம் இந்தப் பகுதியை எடுத்துரைக்கிறோம். ஆயினும் அதன் நடுவே இருக்கும் ஒரு சிறிய செய்தியை விரைவாகக் கடந்துவிடுகிறோம். மோசேக்குக் கை வலித்தது. செங்கடலைப் பிளக்கக் கோல் நீட்டிய அதே கைகள், சில மணி நேரம் உயர்ந்திருந்ததனால் கனத்துத் தளர்ந்துபோயின.

அப்பொழுது உடனிருந்த ஆரோனும் ஊர் என்பவரும் செய்ததைக் கவனியுங்கள். அவருடைய விசுவாசம் குறைந்துவிட்டது என்று அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை. ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்து, அதன்மேல் அவரை உட்காரச் செய்தார்கள். பின்பு ஆளுக்கொரு பக்கம் நின்று அவர் கைகளைத் தாங்கினார்கள். சூரியன் மறையும்வரை அந்தக் கைகள் உறுதியாய் நின்றன. வெற்றி வந்தது ஜெபத்தினாலே. அந்த ஜெபம் தொடர்ந்தது ஒரு கல்லினாலும் இரண்டு மனிதரின் தோள்களினாலும்.

இந்த வாரம் நான் எழுத விரும்புவது மூட்டு வலியையும் தசை வலியையும் குறித்து. இது ஆவிக்குரிய பொருளா என்று சிலர் கேட்கக்கூடும். நம் ஜெபக்கூட்டங்களில் வரும் விண்ணப்பங்களை எண்ணிப் பாருங்கள். முழங்கால் வலி, இடுப்பு வலி, தோள் வலி, குதிகால் வலி என்று வாரந்தோறும் கேட்கிறோம். அவற்றுக்காக ஜெபிப்பது நம் கடமை. அதை ஒருபோதும் விடப்போவதில்லை. ஆனால் ஆமென் சொன்ன பிறகு கல்லைத் தேடிக் கொண்டுவருகிற வேலை யாருடையது? வலியை மௌனமாய்ச் சகிப்பது பக்தி என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சரீரத்தை அன்றாடம் பேணுவதும், ஒருவர் பாரத்தை மற்றொருவர் பகிர்ந்துகொள்வதுமே வேதம் காட்டும் வழி என்பது என் துணிவு.

நம் ஊரின் உழைப்பு

ஜவளகிரியிலும் சுற்றுக் கிராமங்களிலும் சும்மா இருக்கும் சரீரம் ஒன்றும் இல்லை. கேழ்வரகு வயலில் களையெடுக்கும் தாய்மார் காலையிலிருந்து குனிந்த முதுகோடு நிற்கிறார்கள். தக்காளிக் கூடையைத் தலையில் சுமந்து வண்டிவரை நடக்கிறார்கள். அறுவடைக் காலத்தில் யானைகள் காட்டைவிட்டு இறங்கும்போது, ஆண்கள் பரண்மேல் குளிரில் கால் மடக்கி இரவெல்லாம் காவல் இருக்கிறார்கள். விடிந்ததும் அதே உடம்போடு மாட்டுத் தொழுவத்திற்குப் போகிறார்கள். நம் வாலிபரோ கம்பெனிப் பேருந்தில் ஓசூருக்குச் சென்று, இயந்திரத்தின் முன்னே எட்டு மணி நேரம் நின்று, மீண்டும் குலுங்கும் சாலையில் வீடு திரும்புகிறார்கள். முதியோருக்கு மட்டும் உரியதாயிருந்த இடுப்பு வலி இன்று முப்பது வயதிலேயே வந்துவிடுகிறது.

வீட்டுக்குள்ளும் அப்படியே. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றுவது, தரையில் குந்தியிருந்து பாத்திரம் துலக்குவது, கட்டைத் துடைப்பத்தால் வாசல் பெருக்குவது யாவும் பெரும்பாலும் ஒரே ஒருவருடைய மூட்டுகளின் மேல்தான் விழுகின்றன. அந்த ஒருவர் யார் என்பதை ஒவ்வொரு வீடும் அறியும்.

வலிக்கு நாம் சொல்லும் இரண்டு பதில்கள்

இந்த வலிக்கு நம்மிடையே இரண்டு பதில்கள் வழங்குகின்றன. முதலாவது, “இது என் சிலுவை” என்பது. நம் ஆண்டவர் சொன்ன சிலுவை, அவரைப் பின்பற்றுவதனால் வரும் பாடு. சரியாகக் குனியாததனாலோ, ஓய்வில்லாமல் சுமந்ததனாலோ வரும் முழங்கால் வலிக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது நியாயமல்ல. பதினெட்டு ஆண்டுகள் நிமிரக் கூடாமலிருந்த பெண்ணை ஜெப ஆலயத்தில் கண்டபோது, சகித்துக்கொள் என்று இயேசு சொல்லவில்லை; அவளை அருகே அழைத்து நிமிரச் செய்தார். ஓய்வுநாளில் அப்படிச் செய்யலாமா என்று கோபித்தவர்களிடம், உங்கள் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டமாட்டீர்களா என்ற கருத்தில் கேட்டார். நம் ஊருக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். கால் தாங்கி நடக்கும் மாட்டை நாம் ஏரில் பூட்டமாட்டோம். நம் வீட்டுத் தாய் கால் தாங்கி நடந்தால் மட்டும் வழக்கம்போல வேலையில் பூட்டிவிடுகிறோம்.

இரண்டாவது பதில் மாத்திரை. மருந்துக் கடைக்குப் போய், “வலிக்கு ஒரு செட் கொடுங்கள்” என்று கேட்டு வாங்கி, விழுங்கிவிட்டு மறுபடியும் வேலைக்குப் போவது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி நிவாரணிகள் மருத்துவர் அளவறிந்து சில நாட்களுக்குக் கொடுக்கும்போது நல்ல மருந்துகள். அவற்றையே மாதக்கணக்கில் நாமே விழுங்கினால் இரைப்பையில் புண் வரும், இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் பழுதடையும். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கும் முதியோருக்கும் இந்த ஆபத்து அதிகம். பெயர் எழுதாத பொட்டலப் பொடிகள் இன்னும் அபாயமானவை. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முதல் வாரம் அற்புதம்போலத் தோன்றும்; நாளடைவில் எலும்பு பலவீனமாகும், சர்க்கரை ஏறும். முழங்காலைக் காப்பாற்றப் போய்ச் சிறுநீரகத்தை இழப்பது ஞானமல்ல.

இவ்விடத்தில் டாக்டர் பால் பிராண்டை நினைவுகூருவது தகும். அவர் 1914-இல் நம் தமிழகத்தின் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, அறுவை மருத்துவராய்ப் பல ஆண்டுகள் ஊழியம் செய்தார். தொழுநோயாளரின் விரல்களை அந்த நோயே தின்றுவிடுகிறது என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது. பிராண்டும் உடன் ஊழியரும் கூர்ந்து கவனித்தபோது வேறொன்றைக் கண்டார்கள். நோய் நரம்புகளைத் தாக்கி வலியுணர்வைப் பறித்துவிடுகிறது. வலி தெரியாததனால் அவர்கள் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார்கள். காலில் ஆணி தைத்தாலும் அறியாமல் நடக்கிறார்கள். காயத்தின்மேல் காயம் பட்டு உறுப்பு அழிகிறது. வலியை எவரும் விரும்பாத ஈவு என்று அவர் பிற்காலத்தில் எழுதியதன் பொருள் இதுவே. தேவன் நம் மூட்டுகளில் வைத்திருக்கும் காவற்காரன் வலி. காவற்காரன் கூக்குரலிடும்போது என்னவென்று எழுந்து பார்க்க வேண்டும். அவன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கப்போகிறவன் வீட்டை இழப்பான்.

அன்றாடம் செய்யத்தக்கவை

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? பெரும் செலவு ஏதும் இல்லை; தினந்தோறும் சிறிது கவனம் போதும்.

முதலாவது, ஒரே நிலையில் நெடுநேரம் இருக்க வேண்டாம். குனிந்து களையெடுப்பவர்கள் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, இரு கைகளையும் இடுப்பில் வைத்து, மெதுவாய்ப் பின்னோக்கிச் சாய்ந்து நிமிருங்கள். நின்று வேலை செய்பவர்கள் ஒரு காலைச் சிறு பலகைமேல் மாற்றி மாற்றி வையுங்கள். இடைவேளையில் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். பரண்மேல் இருப்பவர்கள் காலை மடக்கியே வைக்காமல் அவ்வப்போது நீட்டி, பாதத்தைச் சுழற்றுங்கள். முதுகையும் முழங்காலையும் கம்பளியால் மூடிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சுமை தூக்கும் முறை. இடுப்பை வளைத்துத் தூக்காமல் முழங்காலை மடக்கி, சுமையை மார்போடு அணைத்துக்கொண்டு எழும்புங்கள். தூக்கியபடியே இடுப்பைத் திருகாமல், பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள். ஒரு பெரிய குடத்திற்குப் பதில் இரண்டு சிறிய குடங்கள். ஒரே இடுப்பில் எப்போதும் சுமக்காமல் பக்கம் மாற்றுதல். நீண்ட கைப்பிடியுள்ள துடைப்பமும், பால் கறக்கவும் காய் அரியவும் ஒரு சிறிய முக்காலியும் வாங்குவது ஆடம்பரமல்ல. முழங்கால் தேய்ந்தவர்கள் குந்தியிருப்பதைக் குறைக்க வேண்டும். அவர்களுக்குக் கழிப்பறையில் நாற்காலி போன்ற இருக்கையும் சுவரில் ஒரு கைப்பிடியும் அமைத்துக் கொடுங்கள்.

மூன்றாவது, மூட்டைத் தாங்கும் தசைகளுக்கு வலுவூட்டுதல். நாங்கள் நாள் முழுதும் உழைக்கிறோமே, தனியாய் உடற்பயிற்சி எதற்கு என்று கேட்கிறீர்கள். உழைப்பு சில தசைகளை அளவுக்கு மிஞ்சி வருத்துகிறது; வேறு சிலவற்றைத் தொடுவதேயில்லை. ஆகவே காலை ஜெபத்திற்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நாற்காலியில் நேராய் அமர்ந்து, ஒரு காலை முன்னே நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி மெதுவாய் இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. நாற்காலியிலிருந்து கூடுமானவரை கையூன்றாமல் எழுந்து அமருங்கள். ஐந்து முறையில் தொடங்கலாம். மல்லாந்து படுத்து, ஒவ்வொரு முழங்காலாக மார்பை நோக்கி அணையுங்கள். தோள்களை முன்னும் பின்னுமாய் உருட்டுங்கள். கழுத்தை மெல்ல இருபுறமும் திருப்புங்கள். செய்யும்போது சிறு வலி இருந்தால் அஞ்ச வேண்டாம். மறுநாளும் வலி மிகுந்திருந்தால் அளவைக் குறையுங்கள்.

நான்காவது, ஓய்வும் ஒத்தடமும். சாதாரண இடுப்பு வலிக்கு நாட்கணக்கில் படுத்துக் கிடப்பது நல்லதல்ல. இயன்ற அளவு நடமாடினால் விரைவில் தேறும். இறுகிப்போன தசைக்கும் பழைய மூட்டு வலிக்கும் சுடுநீர் ஒத்தடம் இதமளிக்கும். கால் புதிதாய்ச் சுளுக்கி வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாளும் குளிர்ந்த ஒத்தடமே ஏற்றது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தெடுங்கள். எண்ணெய் தேய்ப்பது நம் முன்னோர் வழக்கம். இதமாய்த் தேய்ப்பதில் தவறில்லை. விழுந்து அடிபட்ட மூட்டை மட்டும் இழுத்து நீவ விடாதீர்கள். எலும்பு முறிந்ததா இல்லையா என்று எக்ஸ்ரே பார்த்த பிறகே எந்தக் கட்டும்.

ஐந்தாவது, உணவும் எடையும். கேழ்வரகு நம் மண்ணின் ஆசீர்வாதம். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது; அரிசியில் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. களி தின்பது நாகரிகக் குறைவு என்று பிள்ளைகள் எண்ண இடங்கொடாதீர்கள். கொள்ளும் கீரையும் முட்டையும் தசைக்கு வலுவூட்டும். சரீர எடை கூடியவர்கள் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள்: ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின்மேல் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று ஆய்வாளர் கணித்திருக்கிறார்கள்.

குடிக்கும் தண்ணீரையும் கேளுங்கள்

நம் மாவட்டத்தில் மூட்டு வலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசாதிருக்கக் கூடாது. நிலத்தடிப் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு என்னும் உப்பு சில கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் கரைந்து வருகிறது. அந்தத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளின் பற்களில் கறை படியும். பெரியவர்களின் முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகி வலிக்கும். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் இந்நோய் மனிதருக்கு இருப்பதை 1937-இல் ஷார்ட் முதலிய மருத்துவர்கள் விவரித்து எழுதினார்கள். அதற்கு முன்பே அங்கிருந்த உழவர்கள், தங்கள் எருதுகள் மூட்டு இறுகி நடக்கமாட்டாமற்போவதைக் கண்டிருந்தார்கள். வாயில்லாத ஜீவன்களின் வலியே முதற்செய்தியாய் அமைந்தது.

தமிழகத்தில் இந்தத் துன்பம் மிகுந்த மாவட்டங்கள் தருமபுரியும் கிருஷ்ணகிரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியோடு அமைக்கப்பட்டு 2013-இல் தொடங்கப்பட்டதற்கு இதுவே பெருங்காரணம். அதன் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைத் தணித்தல் என்பதும் சேர்ந்திருக்கிறது. ஆகவே காவிரித் தண்ணீர் வரும் நாளில் அதைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் எடுத்துவைத்து, ஆழ்துளைத் தண்ணீரைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். கொதித்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது குடிநீருக்குரிய அளவு. வேறு நீர் கிடையாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம். உங்கள் கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பரிசோதிக்கலாம். ஒரு தெருவுக்கே வலி இருக்குமானால், ஒவ்வொருவர் முழங்காலையும் தனித்தனியே குறைசொல்லாமல் அந்தத் தெருவின் குழாயைச் சந்தேகியுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

வீட்டுப் பராமரிப்புக்கு ஓர் எல்லை உண்டு. மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டால். விழுந்தபின் காலை ஊன்றவே முடியாவிட்டால். காலில் மரத்துப்போதலும் பலவீனமும் கூடினால். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனால். இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலியோடு எடையும் குறைந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காலையில் எழும்போது விரல் மூட்டுகள் ஒரு மணி நேரம்வரை இறுகியிருந்து, இரு கைகளிலும் வீக்கம் கண்டால் அது முடக்குவாதமாயிருக்கக்கூடும். தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் மூட்டு கோணாமல் காக்கலாம். மார்பிலிருந்து இடது தோளுக்கும் தாடைக்கும் பரவும் வலியைத் தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிராதீர்கள். அது இருதயத்தின் எச்சரிப்பாயிருக்கலாம்.

படுக்கையிலிருக்கும் முதியோரைத் தூக்கிச் செல்ல வழியில்லை என்பவர்களுக்கு ஒரு செய்தி. வீடு தேடி மருந்தும் இயன்முறைச் சிகிச்சையும் கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்திலேதான் தொடங்கி வைக்கப்பட்டது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் அது பெற்றது. உங்கள் ஊருக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிவு செய்யுங்கள். எசேக்கியா ராஜா சுகத்துக்காக அழுது ஜெபித்தார், தேவன் கேட்டார். அதே ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் வைக்கவும் சொன்னார். ஜெபமும் மருந்தும் ஒரே அதிகாரத்தில் நிற்கின்றன.

கல்லைக் கொண்டுவருகிறவர்கள்

இதுவரை எழுதியது வலியுள்ளவர்களுக்கு. இனி எழுதுவது அவர்களோடு வாழும் நமக்கு. மோசே தமக்கென்று கல்லைத் தேடிக்கொள்ளவில்லை. உடனிருந்தவர்கள் கண்டு கொண்டுவந்தார்கள். சரீரப் பராமரிப்பை ஒவ்வொருவரும் தத்தம் பாடு என்று விட்டுவிட்டால், நேரமும் பணமும் உள்ளவர்களுக்கு மட்டுமே அது வாய்க்கும். பத்து நிமிடம் உட்காரக்கூட அனுமதியில்லாதவர்களிடம் பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லுவதில் பயன் என்ன?

உட்காருவது ஒரு நியாயம் என்பதை உலகமே இப்போது உணர்ந்துவருகிறது. கேரளத்தில் துணிக்கடைகளில் நாளெல்லாம் நின்ற பெண்கள் பல ஆண்டுகள் குரலெழுப்பியதன் பின், 2018-இல் அங்கே கடை ஊழியருக்கு இருக்கை உரிமை கிடைத்தது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டு, நம் மாநிலத்திலும் கடை ஊழியர் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும் என்றானது. தொழிற்சாலைகளுக்கோ 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு நின்று வேலை செய்பவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர இடம் தரவேண்டும் என்று எப்பொழுதோ சொல்லிவிட்டது. நம் சபையில் கடை வைத்திருப்பவர்களும், கம்பெனிகளில் மேற்பார்வையாளராய் இருப்பவர்களும் உண்டு. சகோதரரே, உங்கள் கீழ் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஒரு முக்காலி இருக்கிறதா? சட்டத்துக்காக அல்ல, மோசேக்குக் கல்லிட்டவர்களின் வழிவந்தவர்கள் என்பதற்காகவே கேட்கிறேன்.

வீட்டுக்கும் இதுவே. குடத்தைக் குமாரனும் தூக்கலாம். தொழுவத்தைக் கணவரும் பெருக்கலாம். தாய்க்குத் தைலம் வாங்கிவரும் பிள்ளைகள், அவர் சுமையில் பாதியை வாங்கிக்கொண்டால் தைலமே தேவைப்படாமற்போகலாம்.

ஆலயத்துக்கும் இதுவே. பாயில் ஒன்றாய் அமர்ந்து ஆராதிப்பது நம் அழகிய வழக்கம். ஆனால் தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது என்பதனாலேயே சில தாய்மார் ஆராதனைக்கு வருவதைக் குறைத்துவிட்டார்கள். பின்வரிசையில் நாற்காலி கேட்க அவர்களுக்குக் கூச்சம். முழங்காற்படியிட்டால்தான் ஜெபம் கேட்கப்படும் என்ற எண்ணமும் நம்மிடையே ஆழமாய் வேரூன்றியிருக்கிறது. தானியேல் முழங்காற்படியிட்டார், உண்மைதான். அன்னாள் நின்று ஜெபித்தார். தாவீது கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து ஜெபித்தார். எசேக்கியா படுக்கையில் சுவர்ப்புறமாய்த் திரும்பி ஜெபித்தார். நால்வருடைய ஜெபமும் கேட்கப்பட்டது. முழங்கால் மடங்குவதைவிட இருதயம் மடங்குவதையே தேவன் பார்க்கிறார். ஆகையால் இனி நம் ஆலயத்தில் இரு பக்கத்திலும் முன்வரிசையிலேயே நாற்காலிகள் போடப்பட வேண்டும் என்பது என் விருப்பம். இதை அடுத்த சபைக் குழுக் கூட்டத்தில் முன்வைப்பேன். நாற்காலியில் அமர்வது வயதுக்கும் வலிக்கும் உரிய சலுகையாக அல்ல, ஒருவரையொருவர் தாங்குகிறோம் என்பதன் அடையாளமாக இருக்கட்டும்.

சரீர முயற்சி அற்பப் பிரயோஜனம் என்று பவுல் எழுதினாரே என்று ஒருவர் கேட்கலாம். தேவபக்தியோடு ஒப்பிட்டு அவர் அதைச் சிறிது என்றார். இல்லை என்று சொல்லவில்லை. அதே தீமோத்தேயுவின் வயிற்றையும் அடிக்கடி வரும் பலவீனத்தையும் நினைத்து அவர் கைவைத்தியம் சொன்னதும் அதே நிருபத்தில்தான். இந்தச் சரீரம் ஒருநாள் மண்ணுக்குத் திரும்பும் என்பது மெய். அந்த நாள்வரை அது நமக்கு ஒப்புவிக்கப்பட்ட பொருள்; நாம் அதன் உக்கிராணக்காரர்.

இந்த வாரத்திற்கு மூன்று காரியங்கள். காலை ஜெபத்தோடு பத்து நிமிடம் சரீரத்துக்கு ஒதுக்குங்கள். வீட்டில் நெடுநாளாய் வலியோடிருக்கும் ஒருவரிடம் அமர்ந்து, எந்த வேலை உங்களுக்கு மிகுந்த வலி தருகிறது என்று கேட்டு, அந்த ஒரு வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொல்லாமல் தினமும் விழுங்கும் வலி மாத்திரை வீட்டில் இருந்தால், அட்டையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஜெபம்: எங்கள் எலும்புகளையும் நரம்புகளையும் அறிந்த தேவனே, உழைத்துக் களைத்த சரீரங்களை உம்முடைய கரத்தில் ஒப்புவிக்கிறோம். வலியோடு உறங்கச் செல்லும் ஒவ்வொருவரையும் தேற்றும், சுகம் தாரும். அருகிலிருப்பவருடைய களைப்பைக் காணும் கண்களையும், அவர் சுமையில் பங்கெடுக்கும் மனதையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.